வாங்கிய கையும் கேட்கிற வாயும்

ஒவ்வொரு புயலுக்குப் பிறகும் ஒரு பேச்சு கிளம்பிவிடுகிறது. "எவ்வளவு கொடுத்தாலும் இந்த ஜனங்களுக்குத் திருப்தியே வராது" என்பார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பின் சென்னையிலும் சுற்று மாவட்டங்களிலும் குடும்ப அட்டைக்கு 6,000 ரூபாய் கொடுத்தபோது இதைக் கேட்டேன். மறு ஆண்டு ஃபெஞ்சல் புயலில், விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டத்து மக்கள் 2,000 ரூபாய் போதாது என்றபோதும் கேட்டேன். இப்படிச் சொல்கிறவர்களில் பலர் நல்ல மனம் உள்ளவர்கள்தான். நிவாரணத்துக்குத் தங்கள் கையிலிருந்தும் கொடுத்திருப்பார்கள். ஆனாலும் இந்தப் பேச்சு யாரை ஊமையாக்குகிறது என்பதை அவர்கள் பார்த்ததில்லை. நான் பார்த்திருக்கிறேன்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தது. பட்டுக்கோட்டைக்குத் தெற்கே இருக்கிற எங்கள் ஊர் அதன் வழியில்தான் இருந்தது. விடிந்து கதவைத் திறந்தபோது வானம் அகலமாகத் தெரிந்தது. முப்பது நாற்பது வருடத் தென்னைகள் வேரோடு ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடந்தன. தெருவில் நடக்க வழியில்லை. அன்று தொடங்கி அடுத்த சில மாதங்கள் நிவாரணம் வாங்குகிறவளாகவும், வாங்கத் தெரியாதவர்களுக்கு மனு எழுதிக் கொடுக்கிறவளாகவும் இருந்தேன். அதில் தெரிந்துகொண்டவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நன்றி சொல்ல வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். புயல் வருவதற்கு முன்பே 80,000-க்கும் மேற்பட்டவர்களை முகாம்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தார்கள். எங்கள் ஊரிலும் முந்தின நாள் மாலையே ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ சுற்றி வந்தது. குடிசையை விட்டு வர மறுத்த கிழவர்களைக் கையைப் பிடித்து அழைத்துப்போய்ப் பள்ளிக்கூடத்தில் உட்காரவைத்தார்கள். அன்றைய எதிர்க்கட்சித் தலைவர் மு.க. ஸ்டாலினே அந்த முன்னேற்பாடுகளைப் பாராட்டினார். அப்படியும் அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். காற்றடித்த வேகத்துக்கு, அந்த முகாம்கள் இல்லாவிட்டால் எத்தனை பேரைக் கூரைக்கும் சுவருக்கும் அடியிலிருந்து எடுத்திருப்போமோ தெரியாது. உயிரோடு இருப்பதற்கு நான் நன்றியுள்ளவள்.

அதே வாரத்தில் அதே ஊர் சாலை மறியலும் செய்தது. புயல் போன பிறகு குடிக்கத் தண்ணீர் இல்லை. மேல்நிலைத் தொட்டி விழாமல் நின்றது, அதில் நீர் ஏற்ற மின்சாரம் இல்லை. ஒரு லட்சத்துக்கும் அதிகமான மின்கம்பங்கள் விழுந்திருந்தன. பிரதான சாலையோரத்து ஊர்களுக்கு வண்டி வந்தது, உள்ளே இருக்கிற தெருக்களுக்கு வரவில்லை. குடியிருப்பு எவ்வளவு உள்ளே தள்ளி இருக்கிறதோ, எந்தச் சாதித் தெருவோ, அதைப் பொறுத்துத்தான் அரிசி மூட்டை வந்து சேர்ந்த நாளும் தள்ளிப்போனது. இதைச் சொல்லக் கூசுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் சொல்லியே ஆக வேண்டும்.

புதுக்கோட்டை மாவட்டத்துக் கொத்தமங்கலத்தில் கோபம் கை மீறிப்போய் அரசு வாகனங்களுக்குத் தீ வைத்தார்கள். அதை நான் நியாயம் என்று சொல்லவே மாட்டேன். அதன் பிறகு வழக்கும் கைதுமாக அந்தப் பக்கத்து இளைஞர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. எங்கள் ஊர் மறியலில் அப்படி எதுவும் நடக்கவில்லை. பெண்கள் காலிக் குடங்களோடு சாலையில் உட்கார்ந்தோம். வந்த அதிகாரியிடம் மூன்றே மூன்று கேட்டோம். தொட்டியில் நீர் ஏற்ற ஒரு ஜெனரேட்டர், உள்தெருக்களுக்கு ஒரு டிராக்டர், மின்சாரம் எப்போது வரும் என்பதற்கு ஒரு பதில். முதல் இரண்டும் அன்று மாலையே வந்தன. மூன்றாவதற்கு அவர் "தேதி சொல்ல முடியாதம்மா, சொன்னால் பொய்யாகிவிடும்" என்றார். அந்தப் பதிலே எங்களுக்குப் போதுமாக இருந்தது. என்ன வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேட்டால், எதிரில் நிற்பவருக்கும் செய்ய ஒரு வேலை கிடைக்கிறது. "ஒன்றுமே செய்யவில்லை" என்று மட்டும் கத்தினால், அவர் தான் செய்ததை எல்லாம் பட்டியல் போடத் தொடங்கிவிடுவார்.

பிறகு மின்வாரிய ஊழியர்கள் வந்தார்கள். வேறு மாவட்டங்களிலிருந்து லாரியில் வந்து, பள்ளிக்கூட வராந்தாவில் படுத்துக்கொண்டு, இருட்டு விலகும் முன் வேலைக்குக் கிளம்பினார்கள். டெல்டாவில் அது சம்பாப் பயிர் நிற்கிற காலம். லாரி இறங்க வழியில்லாத வயல்களில் எட்டுப் பத்துப் பேர் சேர்ந்து கம்பத்தைத் தோளில் ஏற்றிக்கொண்டு முழங்கால் சேற்றில் நடந்தார்கள். மிதிபடுவது தன் பயிர் என்று தெரிந்தும் வயல்காரர் வரப்பில் நின்று, "இந்தப் பக்கம் பள்ளம், அந்தப் பக்கமாக வாங்க தம்பி" என்று வழிகாட்டிக்கொண்டிருந்தார். சுற்றுவட்டாரத்தில் கேரள மின்வாரியத்து ஆட்களும் வேலை செய்தார்கள். அந்த ஆகஸ்ட்டில்தான் கேரளம் வெள்ளத்தில் மூழ்கியிருந்தது. இங்கிருந்து அரிசியும் பாயும் அனுப்பியதை அவர்கள் மறக்கவில்லை. மறியலில் குடத்தோடு உட்கார்ந்த அதே பெண்கள்தான் அவர்களுக்கு விறகடுப்பில் சோறாக்கிப் போட்டோம். ஒருவர் கைகழுவிக்கொண்டே, "ரோட்டை மறித்தது நீங்கள்தானே அக்கா?" என்று கேட்டார். "ஆமாம் தம்பி, உங்களைச் சீக்கிரம் அனுப்பச் சொல்லித்தான்" என்றேன். சிரித்துவிட்டு இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டார்.

வந்து உழைக்கிறவருக்கு நன்றி சொல்கிறோம். அவரைத் தாமதமாகவோ, ஆள் குறைவாகவோ, சாமான் இல்லாமலோ அனுப்பிய ஏற்பாட்டின் மீது குறை சொல்கிறோம். அந்த ஊழியர்களில் பலருக்குக் கையுறைகூட இல்லை. அதை ஒரு குறையாகச் சொல்வது அவர்களுக்குச் செய்கிற நன்றிதான்.

"இலவசமாகக் கொடுப்பதில் என்ன குறை சொல்வது?" என்று கேட்பவர்களுக்கு இரண்டு விஷயங்களை நினைவூட்ட விரும்புகிறேன்.

முதலாவது, இது யாருடைய கொடையும் இல்லை. 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 12-ஆவது பிரிவு, பேரிடரில் பாதிக்கப்பட்டவருக்குத் தங்குமிடம், உணவு, குடிநீர், மருத்துவம், கழிப்பிட வசதி ஆகியவற்றில் குறைந்தபட்ச அளவு இவ்வளவு இருக்க வேண்டும் என்று வகுக்கச் சொல்கிறது. விதவைகளுக்கும் ஆதரவற்ற குழந்தைகளுக்கும் தனி ஏற்பாடு வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. மாநிலப் பேரிடர் நிதியில் எங்களைப் போன்ற மாநிலங்களுக்கு மத்திய அரசு முக்கால் பங்கும் மாநில அரசு கால் பங்கும் போடுகின்றன. அதெல்லாம் நாம் கட்டிய வரி. ஒரு சோப்பு வாங்கும் கிழவியும் அதில் தன் பங்கைப் போட்டவள்தான்.

இரண்டாவது, வாங்கிக்கொண்டே குறை சொல்கிற வேலையை அரசுகளும் செய்கின்றன. கஜா புயலுக்காகத் தமிழ்நாடு அரசு மத்திய அரசிடம் கேட்டது சுமார் 15,000 கோடி ரூபாய். முதலில் இடைக்கால உதவியாக 353.70 கோடியும், ஆண்டு முடிகிற நேரத்தில் 1,146.12 கோடியும் ஒதுக்கினார்கள். கேட்டதில் பத்தில் ஒரு பங்குதான். போதாது என்று மாநிலமே சொன்னது, எல்லாக் கட்சியும் சொன்னது, பத்திரிகைகள் தலையங்கம் எழுதின. அதை உரிமைக்குரல் என்றுதான் எல்லோரும் சொன்னோம். சேதத்தைக் கணக்குப் போட்டு, வந்ததை வாங்கி வைத்துக்கொண்டு, மீதியைக் கேட்பது ஒரு மாநிலத்துக்கு மரியாதை என்றால், ஓலைக் குடிசையில் இருக்கிற ஒரு பெண்ணுக்கு மட்டும் எப்படி நன்றிகெட்ட செயலாகும்?

அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். எங்கள் எதிர்வீட்டுப் பெரியம்மா. கணவர் போய் வெகுகாலம். மண் சுவர், கீற்றுக் கூரை, இரண்டு ஆடு. புயலில் கூரை முழுவதும் போய்விட்டது. ஆடு இரண்டும் பிழைத்தன.

முழுவதும் சேதமடைந்த குடிசைக்கு 10,000 ரூபாய், பகுதி சேதமடைந்ததற்கு 4,100 ரூபாய் என்று அறிவித்திருந்தார்கள். கணக்கெடுக்க ஒரு பையன் வந்தான். வெளியூரிலிருந்து அனுப்பப்பட்டவன். சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. நோட்டுப்புத்தகத்தை ஒரு பாலிதீன் பையில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தான். நான்கு பக்கமும் சுவர் நிற்பதைப் பார்த்து, "பகுதிச் சேதம் என்று எழுதிக்கொள்கிறேன் பாட்டி" என்றான். பெரியம்மா தலையாட்டிவிட்டு, எங்கிருந்தோ கடன் வாங்கிய சர்க்கரையில் அவனுக்கு வரக்காப்பி போட்டுக் கொடுத்தது.

"கூரையே இல்லாத வீட்டில் என்ன பகுதி? கேட்டிருக்கலாமே பெரியம்மா" என்றேன்.

"நனைந்துகொண்டு வீடு வீடாக வருகிற பிள்ளையிடம் என்னை வாயாடச் சொல்கிறாயா? கொடுப்பதை வாங்கிக்கொள்வோம்" என்றது.

அடுத்து வந்த மழையில் மூடாக்கு இல்லாத மண் சுவர் ஊறிக் கரைந்தது. முதலில் வடக்குச் சுவர், மறுநாள் மேற்குச் சுவர். பட்டியலில் பெரியம்மாவின் பெயருக்கு நேரே பகுதிச் சேதம் என்றே இருந்தது. மறு ஆய்வு கேட்டு மனு எழுதுவோம் என்றபோது அது பயந்துவிட்டது. மனு கொடுத்தால் 4,100-ம் நின்றுவிடும், அடுத்த தடவை பெயரையே எடுத்துவிடுவார்கள் என்று தெருவில் யாரோ சொல்லியிருந்தார்கள். "வாங்கிக்கொண்டு குறை சொல்கிறார்கள்" என்ற பேச்சு கடைசியில் போய் நிற்கிற இடம் இதுதான். சத்தம் போடத் தெரிந்தவர் அதையெல்லாம் சட்டை செய்வதில்லை. கூசுகிறவர்தான் வாயை மூடிக்கொள்கிறார், பட்டியலில் தவறாக இருப்பதும் பெரும்பாலும் அவர் பெயர்தான்.

மனு கொடுப்பதால் ஒப்புக்கொண்ட உதவி ரத்தாகாது என்று அதற்குப் புரியவைக்க ஒரு பொழுது ஆனது. சம்மதித்த பிறகு ஒரு நிபந்தனை போட்டது. "அந்தத் தம்பிக்கு இதனால் ஒரு பொல்லாப்பும் வரக் கூடாது. அவன் வந்து பார்த்தான், மரியாதையாகப் பேசினான் என்று முதலில் எழுது." அப்படியே எழுதினேன். மனுவின் முதல் வரி, தாங்கள் அனுப்பிய ஊழியர் மழையிலும் நேரில் வந்து கணக்கெடுத்ததற்கு நன்றி என்பது. அடுத்து, அவர் வந்த அன்று சுவர்கள் நின்றன, அதன்பின் பெய்த மழையில் வடக்கு, மேற்குச் சுவர்கள் விழுந்துவிட்டன, புகைப்படம் இணைத்துள்ளேன், மறு ஆய்வு செய்து முழுச் சேதமாகப் பதிவு செய்யக் கேட்டுக்கொள்கிறேன் என்று எழுதினேன். மொத்தமே அரைப் பக்கம்.

அந்த முதல் வரி எவ்வளவு பயன்பட்டது என்பதை அலுவலகத்தில் பார்த்தேன். மனுவை வாங்கியவர் நின்றபடியே படித்தார், தற்காத்துப் பேச அவருக்கு எதுவும் இருக்கவில்லை. தேதியையும் சுவரையும் பற்றிக் கேட்டுவிட்டு எண் போட்டுக் கொடுத்தார். மறு ஆய்வு வந்தது. பாக்கித் தொகை மிகவும் தாமதமாகத்தான் வந்தது, அதற்குள் பெரியம்மா கடன் வாங்கிக் கீற்று வேய்ந்துவிட்டது. இருந்தாலும் வந்தது. அதன்பின் அந்தத் தெருவிலிருந்தே எங்கள் வீட்டுத் திண்ணைக்குப் பலர் வந்தார்கள். எல்லோருக்கும் முதல் வரியில் நடந்த நல்லதை எழுதிவிட்டுத்தான் குறைக்குப் போனேன். நல்லது ஒன்றும் நடக்காத இடங்களில் அந்த வரியை எழுதவில்லை. இல்லாததற்கு நன்றி எழுதினால் அடுத்த வரியையும் யாரும் நம்பமாட்டார்கள்.

"தானம் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே" என்பார்கள். தனி மனிதர் மனமுவந்து கொடுப்பதற்கு இது ஓரளவு பொருந்தும். அங்கேயும் எல்லை உண்டு. 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கத்துச் சாலையோரங்களில் பழைய துணி மலைபோல் குவிந்து கிடந்ததை அந்த வழியாகப் போனவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நாடு முழுவதிலுமிருந்து அன்போடு அனுப்பியவைதான். கடலில் உழைத்துத் தலைநிமிர்ந்து வாழ்ந்த மீனவர்கள், பிறர் உடுத்திக் களைந்ததை எடுக்க மனம் வராமல் ஒதுங்கிப்போனார்கள். மழையில் நனைந்து, மட்கி, கடைசியில் அதை அப்புறப்படுத்துவதே பெரிய வேலையாகிவிட்டது. அன்று யாராவது நான்கு பேர் துணிந்து, "துணி போதும், வலையும் படகும் வேண்டும்" என்று முதல் வாரத்திலேயே உரக்கச் சொல்லியிருந்தால் அத்தனை லாரி வாடகையும் மிச்சமாகியிருக்கும்.

கஜாவில் அந்தப் பாடம் ஓரளவு பயன்பட்டது. சென்னையிலிருந்து வந்த சில இளைஞர்கள், சாமான் ஏற்றுவதற்கு முன் தொலைபேசியில் கூப்பிட்டு, "அக்கா, என்ன கொண்டுவரட்டும்?" என்று கேட்டார்கள். பிஸ்கட்டும் பிரெட்டும் குவிந்துவிட்டன, வேண்டாம் என்றேன். தார்ப்பாய், கொசுவத்தி, மெழுகுவத்தி, சானிட்டரி நாப்கின், மரம் அறுக்கிற இயந்திரம் இரண்டு வாடகைக்கு என்று சொன்னேன். அவர்களுக்கு ஒரு நிமிடம்கூட வருத்தம் இல்லை, நிம்மதிதான். பெண் பிள்ளைகளுக்கு அந்த நாப்கின் எவ்வளவு பெரிய உதவி என்பதை, நிவாரணப் பட்டியல் போடுகிறவர்கள் எல்லோருக்கும் யாராவது முன்பே சொல்லிவைக்க வேண்டும் என்று அன்று நினைத்தேன். உலக அளவில் நிவாரணப் பணி செய்யும் அமைப்புகள் 2014-இல் தங்களுக்கென்று ஒன்பது உறுதிமொழிகளை வகுத்துக்கொண்டன. அவற்றில் ஐந்தாவது, புகார்களை வரவேற்போம், அவற்றைத் தீர்ப்போம் என்பது. பாதிக்கப்பட்டவர் வாய்திறந்து சொல்லாமல் உதவி சரியாகப் போய்ச் சேராது என்று பட்டுத் தெரிந்துகொண்டவர்கள் எழுதிய வரி அது.

வேறொரு குழுவும் வந்தது. வயதான பெண்களை வரிசையாக நிற்கவைத்து, பையின் ஒரு காதைத் தாங்கள் பிடித்துக்கொண்டு, மறு காதை அவர்களைப் பிடிக்கச் சொல்லி, சிரிக்கச் சொன்னார்கள். ஒரு பாட்டிக்கு வெயில் கண்ணில் அடித்ததால் படம் சரியாக வரவில்லை என்று திரும்ப நிற்கச் சொன்னபோது நான் இடையில் போனேன். "ஐந்து கிலோ அரிசிக்கு நன்றி, மனதாரச் சொல்கிறோம். முகத்தைக் கேட்காதீர்கள்" என்றேன். குழுவில் மூத்தவர் ஒருவர் உடனே கேமராவை உள்ளே வைக்கச் சொல்லிவிட்டார். அவரும் நல்ல மனிதர்தான். யாரும் அதுவரை அவரிடம் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

தென்னைக்கு வருகிறேன், எங்கள் பிழைப்பு அதுதான். விழுந்த மரம் ஒன்றுக்கு 600 ரூபாய் இழப்பீடு, அதை வெட்டி அகற்ற 500 ரூபாய், ஆக 1,100 ரூபாய். ஹெக்டேருக்கு 175 மரம் என்று கணக்கிட்டு 1,92,500 ரூபாய். நெட்டைத் தென்னை காய்ப்புக்கு வர ஆறேழு வருடம் ஆகும் என்பதால், காய்த்துக்கொண்டிருந்த மரத்துக்கு 600 ரூபாய் மிகவும் குறைவு என்று எல்லா விவசாயிகளும் சொன்னோம், இன்றும் சொல்வேன். அதற்காக வந்த பணத்தைத் துச்சமாகப் பேச மாட்டேன். எங்கள் குடும்பம் அந்த வருடம் வட்டிக்காரரிடம் போகாமல் தப்பியது அந்தப் பணத்தால்தான்.

இங்கே நடைமுறையில் ஒரு சிக்கல் உண்டு, மரம் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது. விழுந்த தென்னையை அப்படியே போட்டுவைத்தால் மட்குகிற தண்டில் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகும், தப்பி நிற்கிற மரங்களின் குருத்தையும் குடைந்துவிடும். ஆகவே சீக்கிரம் அகற்றியாக வேண்டும். அகற்றிவிட்டால் கணக்கெடுக்க வருகிறவருக்குக் காட்ட மரம் இருக்காது. எங்கள் பக்கத்தில் பலர் ஒவ்வொரு தண்டிலும் சுண்ணாம்பால் எண் எழுதி, தோப்பின் நான்கு மூலையிலிருந்தும் படம் எடுத்து, பக்கத்துத் தோப்புக்காரர் இருவரிடம் எழுத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, அடிக்கட்டையை மட்டும் விட்டுவிட்டு அறுத்தோம். கணக்கெடுக்க வந்தவர்கள் அடிக்கட்டையையும் படத்தையும் ஒப்பிட்டு ஏற்றுக்கொண்டார்கள். செல்போனில் சார்ஜ் இருக்கும்போதே சேதத்தைப் படம் எடுத்துவிடுங்கள். பேசுவதற்கு அடுத்தவர் போன் கிடைக்கும், படம் பிறகு எடுக்க முடியாது.

குறையைச் சரியான இடத்தில் சொல்வதும் ஒரு திறமை. கிராம நிர்வாக அலுவலர் சேதத்தைப் பதிவு செய்கிறார். தொகையை நிர்ணயிப்பவர் அவர் இல்லை. எங்கள் பக்கத்தில் ஒரு கிராம நிர்வாக அலுவலரின் சொந்த வீட்டு ஓடுகளே பறந்துபோயிருந்தன. குடும்பத்தை மாமனார் வீட்டுக்கு அனுப்பிவிட்டு அவர் அலுவலகத்து மேசையில் படுத்துக்கொண்டு வேலை பார்த்தார். அவரைத் தெருவில் நிறுத்தி வைத்துத் திட்டியவர்களை என்னால் இன்றும் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. பட்டியலில் பெயர் விட்டுப்போனால் வருவாய் ஆய்வாளருக்கும் வட்டாட்சியருக்கும் மனு. அங்கே நகராவிட்டால் திங்கட்கிழமைகளில் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டம். பயிர், மரம் என்றால் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள். கால்நடை இறந்திருந்தால் புதைப்பதற்கு முன் கால்நடை மருத்துவரின் சான்று. எங்கே கொடுத்தாலும் மனு எண் வாங்காமல் திரும்பி வரக் கூடாது, நகல் இல்லாமல் கொடுக்கவும் கூடாது. பதிலே வராவிட்டால் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள், 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். "என் மனு எண் இது, இதன் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கை என்ன" என்ற ஒரு கேள்வி போதும்.

மாட்டுக் கொட்டகையை வீடு என்று எழுதச் சொன்னவர்களும், நிற்கிற மரத்தை விழுந்ததாகக் காட்டச் சொன்னவர்களும் எங்கள் ஊரில் இருந்தார்கள். அவர்களுக்கு நான் மனு எழுத மறுத்தேன், சொந்தத்தில் சிலர் இன்னும் பேசுவதில்லை. பொய்க் கணக்கு காட்டி நிவாரணம் வாங்கினால் இரண்டு ஆண்டு வரை சிறை என்று பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு சொல்கிறது. தண்டனையைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. ஒரு பொய் மனு பிடிபட்டால் அடுத்து வருகிற இருபது உண்மையான மனுக்களையும் சந்தேகத்தோடுதான் பிரிப்பார்கள்.

என் சின்ன மாமனாரின் விஷயம் இன்றுவரை தீரவில்லை. மூன்று தலைமுறையாகக் கோயில் நிலத்தில் தென்னை வைத்துக் குத்தகை கட்டி வந்தவர். மரங்கள் அவர் வைத்தவை, தண்ணீர் விட்டது அவர், பட்டா கோயில் பெயரில். இழப்பீட்டுப் பட்டியலில் அவர் பெயர் ஏறவே இல்லை. எத்தனையோ மனு எழுதினோம். அதிகாரிகளில் சிலர் உண்மையிலேயே உதவ முயன்றார்கள், ஆனால் அவர் கையில் குத்தகை கட்டிய ரசீதுகள் தொடர்ச்சியாக இல்லை, பதிவும் இல்லை. கூட்டுப் பட்டாவிலும், இறந்துபோன தாத்தா பெயரில் இருக்கும் பட்டாவிலும் சிக்கியவர்களுக்கும் இதே கதிதான். பணம் பாட்டன் பெயருக்கு வராது, பேரன் பெயரில் நிலம் இல்லை.

ஆகவே இப்போதே செய்யக்கூடியவற்றைச் சொல்கிறேன். குத்தகைக்காரர்கள் 1969-ஆம் ஆண்டின் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டத்தின்படி பெயரைப் பதிவு செய்ய வட்டாட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள். கோயில் நிலமானால் ஒவ்வொரு ரசீதையும் வாங்கி ஒரே கோப்பில் வையுங்கள். தாத்தா பெயரில் இருக்கும் பட்டாவை வாரிசுகள் கூடிப் பேசி மாற்றிவிடுங்கள், சண்டை இருந்தால் புயலுக்கு முன்பே போட்டு முடித்துவிடுங்கள். தோப்பில் எத்தனை மரம், என்ன வயது என்பது அடங்கல் என்கிற கிராமப் பயிர்க் கணக்கில் சரியாக ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். நிவாரணம் வங்கிக் கணக்குக்குத்தான் வருகிறது, வீட்டுப் பெண்கள் பெயரில் பயன்படுத்தாமல் கிடக்கும் கணக்கில் நூறு ரூபாய் போட்டு எடுத்து உயிரோடு வைத்திருங்கள். குடும்ப அட்டை, ஆதார், பட்டா, பாஸ்புத்தகம் எல்லாவற்றையும் படமெடுத்து வெளியூரில் இருக்கும் பிள்ளைக்கு அனுப்பிவையுங்கள். எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் பக்கத்து வீட்டுக்கும் இதைச் செய்து கொடுங்கள். ஐப்பசி மழை பிடிப்பதற்குள் முடிந்துவிடும் வேலைதான்.